பழைய ஐ7-ஆ, புதிய ஐ3-ஆ?

கேள்வி: பிரவுசர், வேர்டு, எக்செல், ஆன்லைன் வகுப்பு, அவ்வப்போது ஒரு படம். என் தேவை இவ்வளவுதான். ஒரே விலையில் இரண்டு லேப்டாப் கிடைக்கிறது. ஒன்று, புதுப்பித்து விற்கும் பழையது, இன்டெல் ஐ7-6600யு சிப், 16 ஜிபி ரேம். மற்றது புத்தம் புதிய ஐ3-1215யு, 8 ஜிபி ரேம். ஐ7 என்றால் வேகம் கூடுதல்தானே? எதை வாங்கலாம்?

பதில்: ஐ3-ஐ வாங்குங்கள். ஐ7 என்ற பெயருக்கு அதன் தலைமுறைக்குள் மட்டும்தான் மதிப்பு. 6600 என்பதன் முதல் இலக்கம் ஆறாம் தலைமுறையைக் குறிக்கிறது. 2015-இல் வந்த அந்த சிப்பில் இருப்பது 2 கோர்கள்தான், அதாவது ஒரே நேரத்தில் வேலை செய்யும் 2 மையங்கள். 1215 பன்னிரண்டாம் தலைமுறை, 2022-ஐச் சேர்ந்தது, 6 கோர்கள் கொண்டது. இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் சிப்களிலும் எண்ணைப் பார்த்து ஏமாறலாம். ரைசன் 5 7520யு, 7530யு இரண்டும் அண்ணன் தம்பி போலத் தெரியும். ஆனால் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள்: முன்னது ஜென் 2 வடிவமைப்பில் 4 கோர், பின்னது அதற்கு அடுத்த ஜென் 3-இல் 6 கோர்.

பழையதில் இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கோ, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது ஓடவும் செய்யும், ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. லினக்ஸ் போதும் என்பவருக்கு அந்த ஐ7 இன்னும் நல்ல மெஷின்தான்.

ஐ3-க்குப் பணம் கட்டும் முன் ரேமை விசாரியுங்கள். 8 ஜிபி இன்றைக்குப் போதும், ஆனால் பத்துப் பதினைந்து டேப்களோடு வீடியோ வகுப்பும் ஓடினால் திணறும். ரேம் நிரம்பினால் விண்டோஸ் ரேமைவிட மெதுவான எஸ்எஸ்டி ஸ்டோரேஜில் எழுதி எழுதிச் சமாளிக்கும். எல்லாம் இழுத்துக்கொண்டு நகர்வது அதனால்தான். எனவே பின்னால் ரேம் சேர்க்கக் காலி ஸ்லாட் ஒன்று அவசியம். சில மாடல்களில் ரேமை போர்டிலேயே சால்டர் செய்துவிடுவார்கள், பிறகு மாற்ற வழியே இல்லை. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி பகுதியில் எத்தனை ஸ்லாட், எத்தனை பயனில் என்று காட்டும். ஆனால் சால்டர் செய்த ரேமும் அங்கே ஸ்லாட் கணக்கில் வரக்கூடும். அதனால் தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடல் எண்ணைத் தேடிப் பார்த்துவிடுங்கள். பின்னால் இன்னொரு 8 ஜிபி போட்டால் இடம் கூடுவதோடு, ரேம் டூயல் சேனலில் (இரண்டு பாதைகளில்) ஓடி, சிப்புக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸும் வேகமெடுக்கும்.

ஸ்டோரேஜ் எஸ்எஸ்டியாக இருக்கட்டும், 512 ஜிபி தாராளம், 256 சமாளிக்கலாம். 64 ஜிபி இஎம்எம்சி (மலிவான, மெதுவான ஸ்டோரேஜ்) உள்ளதைத் தொடவே வேண்டாம். விண்டோஸே பாதியை விழுங்கிவிடும், பெரிய அப்டேட் இடமில்லாமல் பாதியில் நின்றுவிடும்.

விலையைக் குறைக்கக் கம்பெனிகள் முதலில் கை வைப்பது திரையில். விளம்பரத்தில் எழுத மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். 1920 x 1080 புள்ளிகள், சாய்த்துப் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் பேனல், இந்த இரண்டிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். மலிவான டிஎன் பேனல் என்றால், மூடியைப் பின்னால் சாய்க்கும்போதே நிறம் வெளிறும் அல்லது இருண்டுபோகும். கடையிலேயே சாய்த்துப் பாருங்கள். வெளிச்சம் 250 நிட்ஸ் அறைக்குள் சரி, ஜன்னலோரம் உட்காருபவருக்கு 300 வேண்டும்.

பேட்டரியை மணிக்கணக்கில் நம்பாதீர்கள், அதன் கொள்ளளவைச் சொல்லும் வாட் அவர் எத்தனை என்று கேளுங்கள். 40 வாட் அவர் பேட்டரி, சராசரியாக 8 வாட் இழுக்கும் வேலைக்கு 5 மணி நேரம் தாங்கும். பெட்டியில் உள்ள 10 மணி நேரம் பெரும்பாலும் வெளிச்சத்தைக் குறைத்து வீடியோ மட்டும் ஓட்டி எடுத்த கணக்கு.

புதுப்பித்ததுதான் வேண்டும் என்றால் ஐ5-8250யு போன்ற எட்டாம் தலைமுறையிலிருந்து தேடுங்கள். அதற்கு முந்தைய ஐ5-7200யு 2 கோர், 8250யு 4 கோர். விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, இப்போதைய முழு சார்ஜ் கொள்ளளவு ஆரம்ப அளவில் பாதிக்கும் கீழே இருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துக் கேளுங்கள். விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் நுழைந்தும் பாருங்கள். பழைய அலுவலகத்தின் பாஸ்வேர்டு கேட்டால் அந்த மெஷினை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.