ஈசிஜி நார்மல், ஆனாலும் படபடப்பு: மனச்சோர்வுதான் காரணமா?

ஈசிஜி, எக்கோ இரண்டும் நார்மல், ஆனால் மனச்சோர்வு வந்ததிலிருந்து படுத்தாலே படபடப்பு, கைக்கடிகாரத்தில் எச்ஆர்வியும் (துடிப்புகளின் இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்ற அளவு) குறைகிறது, இதயம் கெட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இதயத்தைவிட அதை ஆட்டிவைக்கும் நரம்பின் மீதுதான் எனக்குச் சந்தேகம்.

இதயத்தைத் தனியே விட்டால் நிமிடத்துக்கு 100 தடவை போலத் துடிக்கும். அதை 60, 70-க்கு இழுத்துப் பிடிப்பது மூளைத்தண்டிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு. சைக்கிள் பிரேக் மாதிரி. மூச்சை இழுக்கும்போது பிடி தளரும், விடும்போது இறுகும். நாடியில் விரலை வைத்து மெதுவாக மூச்சை விட்டுப் பாருங்கள், துடிப்புகளின் இடைவெளி நீள்வது தெரியும். இந்த ஏற்ற இறக்கம்தான் எச்ஆர்வி. மனச்சோர்வில் மூளையின் முன்பகுதி, பயத்தை எழுப்பும் அமிக்டலா என்ற பகுதியை அடக்கி வைப்பது குறைகிறது, அதோடு வேகஸின் பிடியும் தளர்கிறது என்று விளக்குகிறார்கள்.

அப்புறம், மனச்சோர்வுக்கு என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மாத்திரைகளே துடிப்பை ஏற்றி எச்ஆர்வியைக் குறைக்கும். சிடலோபிராம், எஸ்சிடலோபிராம் என்றால் ஈசிஜியில் க்யூடி இடைவெளியை, அதாவது ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் மின்சார அளவில் மீண்டும் தயாராக எடுக்கும் நேரத்தை, பார்த்தார்களா என்று கேளுங்கள்; இந்த மாத்திரைகள் அதை நீட்டக்கூடும். சிடலோபிராம் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2011-லேயே இப்படி எச்சரித்தது. அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது இன்னொரு தலைவலி.

கடிகாரத்தைத் தினமும் பார்ப்பதை விடுங்கள், வாரச் சராசரி போதும். படபடப்பு தொடர்ந்தால் 24 மணி நேரமும் ஈசிஜியைப் பதியும் ஹோல்டர் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.