வாசகர் கேள்வி – பதில்: கேபிள் போட்டும் வேகமில்லாத மெஷ் வைஃபை

கேள்வி: எங்கள் வீடு மூன்று மாடிகளைக் கொண்டது. ஃபைபர் இணைப்பு கீழ்த்தளத்தில் இருக்கிறது. மாடிக்கு மாடி கொங்கிறீட் தட்டு இருப்பதால், வீடு முழுவதும் ஒரே வைஃபையைப் பரப்பும் மெஷ் வைஃபை அலகுகள் மூன்றை வாங்கி, சுவருக்குள் குழாய் வழியாகக் கேபிள் இழுத்து ஒன்றோடொன்று இணைத்தோம். கீழே 280 மெகாபிட் வரை வேகம் கிடைக்கிறது. மேல்மாடியில் எத்தனை முறை பார்த்தாலும் 93, 94 என்பதைத் தாண்டுவதில்லை. செயலியில் கேபிள் இணைப்பு என்றுதான் காட்டுகிறது. அலகு பழுதாகிவிட்டதா, ஐயா?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: அலகை உடனே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் எண்ணிலேயே பாதி விடை இருக்கிறது. மெஷ் அலகு கேபிளைக் கைவிட்டு வைஃபை வழியாக இணைந்திருந்தால், வேகம் ஒரு முறை 60 ஆகவும் இன்னொரு முறை 150 ஆகவும் ஏறி இறங்கும். அசையாமல் 94இல் நிற்கிறதென்றால், எங்கோ ஒரு இணைப்பு ஆயிரம் மெகாபிட்டுக்குப் பதிலாக நூறு மெகாபிட்டில் ஓடுகிறது என்றுதான் பொருள். நூறில் மீதி ஆறு, தரவைச் சுமந்து செல்லும் பொதிகளின் தலைப்புகளுக்கும் இடைவெளிகளுக்கும் போய்விடுகிறது.

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். நூறு மெகாபிட்டுக்குச் செம்மஞ்சள், பச்சை ஆகிய இரண்டு சோடிகளே போதும். ஆயிரத்துக்கு நீலமும் கபிலமும் சேர்ந்து நான்கும் வேண்டும். நீலத்திலோ கபிலத்திலோ ஒரே ஒரு கம்பி தொடாமல் நின்றாலும், இரு முனைகளிலும் உள்ள கருவிகள் ஆயிரத்துக்கு முயன்று பார்த்துவிட்டு, ஒரு எச்சரிக்கையும் தராமல் நூறுக்கு இறங்கிவிடுவது வழக்கம். செயலி அதையும் கேபிள் இணைப்பு என்றே காட்டும்; அது பொய்யல்ல, ஆனால் உங்களுக்குப் பயன்படும் உண்மையும் அல்ல.

நடுமாடியின் வேகத்தை நீங்கள் எழுதவில்லை. கேபிள் கீழிருந்து நடுமாடிக்கும் அங்கிருந்து மேல்மாடிக்கும் போகிறதென்றால், நடுமாடியிலும் 280 கிடைக்கும் பட்சத்தில் முதல் துண்டைச் சந்தேகிக்கத் தேவையில்லை. அடுத்து, மேல்மாடி அலகைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து, பெட்டியோடு வந்த குட்டைக் கேபிளால் பிரதான அலகோடு நேரடியாக இணைத்துப் பாருங்கள். அப்போதும் 94தான் என்றால் குறை அலகில் கேபிள் செருகும் துளையில் இருக்கிறது. மலிவான சில மெஷ் அலகுகளின் துளைகளே நூறு மெகாபிட் அளவுடையவை என்பதால், பெட்டியில் அச்சிட்டிருப்பதையும் வாசித்துவிடுங்கள். வேகம் ஏறினால் அலகு குற்றமற்றது. குறை சுவரில், பெரும்பாலும் அதன் இரு முனைகளில். மடிக்கணினியைக் கொண்டு சோதிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மேல்மாடி அலகின் இரண்டாவது துளையில் கணினியைச் செருகினால், கணினிக்கும் அலகுக்கும் இடையிலான இணைப்பின் வேகம்தான் திரையில் தெரியுமே தவிர, சுவருக்குள் இருக்கும் கேபிளின் வேகம் தெரியாது. சுவரிலிருந்து வரும் கேபிளையே அலகிலிருந்து உருவிக் கணினியில் செருகி, 1000/1000 என்று காட்டுகிறதா, 100/100 என்று காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி முனைகளுக்கு வருவோம். பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடி போன்ற அந்தப் பிளாஸ்டிக்கின் ஊடாக அதன் நெற்றிப் பக்கத்தைப் பாருங்கள். எட்டுக் கம்பிகளின் செப்பு நுனிகளும் முட்டி நிற்க வேண்டும். ஓரத்தில் இருக்கும் கபிலக் கம்பி ஒரு மில்லிமீற்றர் பின்தங்கி, பிளக்கின் உலோகப் பல் அதைக் கடிக்காமல் நிற்பதை நான் பார்க்கும் பிளக்குகளில் அடிக்கடி காண்கிறேன். வெள்ளவத்தை போன்ற கடலோரப் பகுதியில் உப்புக் காற்றுப் பட்டு அந்தப் பற்களில் பச்சை படிவதும் உண்டு. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: பிளக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக அடிப்பது.

புதிதாக அடிக்கும்போது நிற ஒழுங்கில் விட்டுக்கொடுக்கக் கூடாது. செம்மஞ்சள்-வெள்ளை, செம்மஞ்சள், பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, கபில-வெள்ளை, கபிலம் என்பது வழக்கமான ஒழுங்கு. பச்சைச் சோடியின் நடுவே நீலச் சோடி உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். வயரிங் செய்பவர்களில் சிலர் சோடி சோடியாக வரிசைப்படுத்தி இரு முனைகளிலும் ஒரே மாதிரி அடித்துவிடுகிறார்கள். சோதனைக் கருவியில் எட்டு விளக்குகளும் வரிசையாக எரியும். அவரும் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆனால் ஒன்றாக முறுக்கியிருக்க வேண்டிய இரண்டு கம்பிகள் வெவ்வேறு சோடிகளுக்குப் பிரிந்துவிடுவதால், குறுக்கீட்டைத் தடுக்கும் முறுக்கின் பயனே இல்லாமல் போய், இணைப்பு தடுமாறும். விளக்குகள் கம்பி தொடர்ச்சியாக இருக்கிறதா என்பதை மட்டுமே சொல்லும்.

முனைகள் சரியாக இருந்தும் வேகம் வராவிட்டால் கேபிளையே பாருங்கள். பழைய வீடுகளில் தொலைபேசிக்காகப் போட்ட நான்கு கம்பி வயரையே சிலர் பயன்படுத்திவிடுகிறார்கள். அதில் ஆயிரத்துக்கு இடமே இல்லை. இன்னொன்று, அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிள். கம்பியின் நுனியைப் பிளேட்டால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். மடக்கி நிமிர்த்தினால் எளிதில் முறியும். புதிது வாங்குவதென்றால் முழுச் செம்பாலான கேட் 5ஈ (Cat 5e) வகைக் கேபிள் போதும். 100 மீற்றர் வரை ஆயிரம் மெகாபிட்டை அது தாங்கும். பம்பலப்பிட்டிக் கடைகளில் கேட் 8 என்று ஒன்றைக் கூடுதல் விலைக்குக் காட்டினால், வீட்டுக்கு அது வீண் செலவு என்பதே என் அபிப்பிராயம்.

கேள்வி: எங்கள் தொடர்மாடி வீட்டில் ஏற்கெனவே அறைக்கு அறை கேபிள் இருக்கிறது. எல்லாம் கேபிள்களை ஒன்றிணைக்கும் ஒரு நெட்வேர்க் சுவிட்சில் வந்து சேர்கின்றன. படுக்கையறை மெஷ் அலகில் கேபிளைச் செருகியதும் வீடு முழுவதும் இணையம் நின்று, சுவிட்சின் விளக்குகள் எல்லாம் வெறிபிடித்தாற்போல் மின்னுகின்றன. கழற்றினால் சரியாகிவிடுகிறது.
– ஒரு வாசகர், தெஹிவளை

பதில்: உங்கள் வலையமைப்பில் ஒரு சுற்று உண்டாகியிருக்கிறது. படுக்கையறை அலகு ஏற்கெனவே வைஃபையால் பிரதான அலகோடு இணைந்திருக்கிறது. கேபிள் அதற்கு இரண்டாவது பாதையாகிறது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக அனுப்பப்படும் செய்தி அந்தச் சுற்றுக்குள் புகுந்தால், அதற்கு ஆயுள் வரம்பு எதுவும் இல்லாததால், பெருகிப் பெருகி வலையமைப்பையே அடைத்துவிடும். நல்ல மெஷ் அலகு கேபிளைக் கண்டதும் வைஃபைப் பாதையை மூடிவிட வேண்டும். அது நடக்காததற்கு இரண்டு காரணங்களை முதலில் பார்க்கலாம்.

ஒன்று, இணைத்த இடம். பிரதான அலகு ரவுட்டராக இயங்குகிறதென்றால், இணைய நிறுவனம் தந்த பெட்டியிலிருந்து ஒரே ஒரு கேபிள் அதற்கு மட்டும் வர வேண்டும். சுவிட்ச், மற்ற அலகுகள் அனைத்தும் அதற்குப் பின்னால் இருக்க வேண்டும். உங்கள் சுவிட்ச் நிறுவனத்தின் பெட்டியில் நேரடியாகச் செருகப்பட்டிருந்தால், படுக்கையறை அலகு பிரதான அலகைச் சுற்றிக்கொண்டு அதன் முன்புறத்தையும் பின்புறத்தையும் ஒட்டவைக்கிறது. முகவரி வழங்கும் இரண்டு கருவிகள் ஒரே வலையமைப்பில் மோதிக்கொள்ளவும் செய்யும். சுவிட்சை இடம் மாற்ற முடியாவிட்டால், மெஷ் முழுவதையும் ரவுட்டர் முறையிலிருந்து, முகவரி வழங்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் அணுகல் முனை (access point) முறைக்கு மாற்றுங்கள். அதில் எல்லாம் ஒரே சுவிட்சில் தொங்கலாம்.

மற்றது, சுவிட்ச். அலகுகள் தமக்குள் பரிமாறும் சில கட்டுப்பாட்டுச் செய்திகளை ஒரு சில சுவிட்ச்கள் கடத்துவதில்லை. சுவிட்சை நீக்கி இரண்டு அலகுகளையும் நேரடியாக இணைத்துப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

கேள்வி: சித்திரை மாத இடிமழைக்குப் பிறகு, பின்வளவு அனெக்ஸுக்குப் போகும் கேபிள் இயங்கவில்லை. வேறு கேபிள் போட்டால் போதுமா?
– ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: போதாது. கேபிளைவிடத் துளைதான் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். குட்டைக் கேபிள் ஒன்றை இரு அலகுகளின் வேறு துளைகளில் செருகிப் பார்த்தால் எது பிழைத்திருக்கிறது என்பது தெரியும். கட்டடத்துக்குக் கட்டடம் வெளியே செப்புக் கம்பி போனால், மின்னல் அருகில் விழுந்தாலே அதில் மின்னழுத்தம் பாயும். அதனால் அந்தத் தூரத்துக்கு ஃபைபர் கேபிளும் இரு முனைகளிலும் மின் சமிக்ஞையை ஒளியாகவும் ஒளியை மின் சமிக்ஞையாகவும் மாற்றும் மீடியா கன்வேர்ட்டரும் போடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது, உறையில் உலோகக் கம்பி இல்லாத கேபிளாகப் பார்த்து வாங்கினால் சரி. ஐப்பசி இடிமழை தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. அதுவரை அந்தப் பழைய கேபிளின் இரு முனைகளையும் கழற்றியே வைத்திருங்கள்.