உப்புவெளியில் இரவு நடை: தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, கோயம்புத்தூரிலிருந்து இலங்கையில் திருகோணமலையை அடுத்த உப்புவெளிக்குக் குடிவந்திருக்கிறீர்கள். வளர்த்த நாயும் கூட வந்திருக்கிறது. பகல் வெயிலில் அதை வெளியே கூட்டிப்போக மனம் வரவில்லை, இருட்டிய பிறகு நடந்தால் ஆபத்தில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக நடக்கலாம். நான் தஞ்சாவூரை விட்டுத் திருகோணமலைக்கு வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. அதில் 9 ஆண்டுகளாக தினமும் இரவு ஏழரைக்கு நாயோடு நடக்கிறேன். கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மாலை ஐந்து மணிக்கும் தார் வீதியில் புறங்கையை வைக்க முடியாது. வாயில்லாத ஜீவனின் பாதம் என்ன பாடுபடும்!

நேரத்தை மாற்றாதீர்கள், வழியையும் மாற்றாதீர்கள். நம் ஊரில் சந்து என்பதை இங்கே ஒழுங்கை என்பார்கள். ஒவ்வொரு ஒழுங்கையும் ஒரு தெருநாய்க் கூட்டத்துக்குச் சொந்தம். எங்கள் ஒழுங்கையில் ஒரு செவலை, முதல் மாதம் முழுவதும் பல்லைக் காட்டிக்கொண்டு வழிமறித்தது. நான் ஓடவில்லை, கல்லெடுக்கவில்லை. டார்ச் ஒளியைத் தரையில் விட்டு, பக்கவாட்டில் திரும்பிப் பேசாமல் நிற்பேன். இப்போது அது வாசலில் காத்திருந்து மதகு வரை கூடவே வருகிறது. மதகுக் கட்டில் முன்னங்காலை வைத்து மூக்கை நீட்டும்; அதற்கு அப்பால் ஓர் அடி வைக்காது. அங்கே வேறு கூட்டத்தின் எல்லை. நானும் அந்த இடத்தில் கயிற்றைச் சுருக்கிப் பிடித்துக்கொள்வேன்.

கோட்டைப் பக்கம் இரவில் வேண்டாம். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கும் பிரெட்றிக் கோட்டையின் புள்ளிமான்கள், இருட்டினால் நகருக்குள்ளும் மேய வரும். ஒருமுறை கழுத்துப்பட்டி நழுவி என் நாய் ஒரு மானைத் துரத்த, மான் வீதியில் பாய, எதிரே ஆட்டோ. மயிரிழையில் தப்பியது. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாளே நெஞ்சோடு சேர்த்து மாட்டும் பட்டை வாங்கிவிட்டேன். கோட்டைக்குள் இராணுவ முகாமும் உண்டு. காவலரண் பக்கம் டார்ச்சைத் திருப்பக் கூடாது.

கடற்கரை மணலில் வேறு பயம். கரைவலை இழுத்த இடத்தில் பேத்தை மீனை, அதாவது உடலைப் பந்துபோல ஊதிக்கொள்ளும் மீனை, ஒதுக்கி எறிந்திருப்பார்கள். அதன் நஞ்சு நாயைக் கொன்றுவிடும். இருட்டில் நாயின் மூக்குத்தான் அதை முதலில் கண்டுபிடிக்கும், ஆகவே மணலில் கயிற்றை அவிழ்க்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் புல்லோரம் நடக்க வேண்டாம். நம் கண்ணாடி விரியனை இங்கே புடையன் என்பார்கள். பாம்பு தீண்டினால் 1990 என்ற எண்ணை அழையுங்கள், ஆம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வெறிநாய்க்கு இங்கே விசர்நாய் என்று பெயர். மருத்துவமனையில் அந்தச் சொல்லைச் சொன்னால் உடனே புரியும். நாய் கடித்தால், சிறு கீறலானாலும், சவர்க்காரம் (நம் ஊர் சோப்பு) போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றிரவே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தடுப்பூசிக்குக் காசு வாங்க மாட்டார்கள். உங்கள் நாய்க்கும் ஆண்டுதோறும் ஊசி போட வேண்டும்.

முதல் வாரம் தனியாகப் போகாதீர்கள், தம்பி. ஏழரைக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்தே நடப்போம். செவலை உங்கள் நாயை மோந்து பார்த்துக்கொள்ளட்டும்.