பாட்டு ஓடினால் பிக்சல் லைட் ஏன் ஆடுகிறது?

கேள்வி: குளச்சலில் வீடு. கிறிஸ்துமஸுக்கு முகப்பிலும் குடிலிலும், ஒவ்வொரு பல்பும் தனித்தனியே நிறம் மாறும் பிக்சல் லைட் போட்டு, பாட்டுக்கு ஏற்ப மின்னும்படி அமைத்திருக்கிறேன். தெருவில் நிற்பவர்கள் போனில் பாட்டைக் கேட்கட்டும் என்று ஆன்லைனில் ஒரு சின்ன எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வாங்கி, கண்ட்ரோலர் பெட்டிக்குள்ளேயே வைத்தேன். அதை ஆன் செய்தால் லைட் கண்டபடி நிறம் மாறுகிறது. டிரான்ஸ்மிட்டர் இல்லாமல் லைட்டை மட்டும் போட்டாலோ, பக்கத்து வீட்டு ரேடியோவில் நாகர்கோவில் நிலையம் இரைகிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்களுக்கு இருப்பது இரண்டு கோளாறு. டிரான்ஸ்மிட்டர் லைட்டைக் கெடுக்கிறது. லைட் ரேடியோவைக் கெடுக்கிறது. ஒன்றின் மருந்து மற்றதற்கு முழுதாக ஆகாது.

முதலில் கசப்பான விஷயம். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையான பண்பலை வரிசையில் உரிமம் இல்லாமல் ஒலிபரப்பக் கூடாது. ஆன்லைனில் விற்கிறார்கள் என்பது அனுமதி ஆகாது. 1984-இல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலியாகத் தொடங்கிய நாகர்கோவில் நிலையம் 101-இல் இருக்கிறது. 108-ஐத் தாண்டினால் விமானங்களுக்கான வரிசை. திருவனந்தபுரம் விமான நிலையமும் தூரமில்லை. மலிவு டிரான்ஸ்மிட்டர்களில் நல்ல வடிகட்டி இருக்காது, தன் இடத்துக்கு வெளியேயும் சிதறும். எனவே அதைக் கழற்றிவிடுங்கள்.

கழற்றினாலும் காரணம் தெரிந்திருக்க வேண்டும். வாக்கிடாக்கி பிடித்த ஒருவர் வயர் பக்கத்தில் நின்று பேசினாலும் இதே ஆட்டம் வரலாம். டபிள்யூஎஸ் 2811 வகை பிக்சலில் எல்லாத் தகவலும் ஒரே டேட்டா வயரில் போகிறது. ஒரு பிட்டுக்கு, அதாவது பூஜ்யம் அல்லது ஒன்று என்ற ஒரு குறிக்கு, 1.25 மைக்ரோ வினாடிதான். அதில் மின்னழுத்தம் எவ்வளவு நேரம் உயர்ந்து நிற்கிறது என்பதை வைத்தே அது பூஜ்யமா ஒன்றா என்று சிப் முடிவு செய்யும். ஒவ்வொரு பிக்சலும் தனக்குரிய 24 பிட்டை எடுத்துக்கொண்டு மீதியைச் சுத்தமாக்கி அடுத்ததற்குத் தள்ளும். ரேடியோ அலை வயரில் புகுந்து நடுவில் ஒரு பிட் கூடினாலோ குறைந்தாலோ அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் தடம் மாறும்.

இதுவே கோளாறைப் பிடிக்கவும் உதவும். எத்தனையாவது பிக்சலிலிருந்து நிறம் கலைகிறது என்று பாருங்கள். முதல் பிக்சலிலேயே கலைந்தால், கண்ட்ரோலருக்கும் அதற்கும் இடையிலுள்ள வயர்தான் வாசல். பெரும்பாலும் அதுதான். 100 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 மீட்டர், அதில் கால்பங்கு 75 சென்டிமீட்டர். அந்த நீளத்துக்குத் தொங்கும் வயர் நல்ல ஆன்டெனா. முடிந்தவரை குறையுங்கள், டேட்டா வயரையும் கிரவுண்ட் வயரையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுபோங்கள். கண்ட்ரோலரில் ஏற்கெனவே இல்லையென்றால், டேட்டா வயரில் 220 முதல் 470 ஓம் வரை ஒரு ரெசிஸ்டர் போடலாம். லேப்டாப் சார்ஜர் வயரில் கருப்பாக ஓர் உருளை இருக்குமே, அந்த ஃபெரைட்டைக் கிளிப் வடிவில் வாங்கி வயரின் இரு முனையிலும் மாட்டுங்கள். பிக்சல் வரிசையின் நடுவில்தான் கலைகிறது என்றால் ரேடியோ அலையை விட்டுவிட்டு அங்குள்ள கனெக்டரைத் திறந்து பாருங்கள். கடற்கரையில் உப்புக்காற்று பித்தளையை விடாது. பச்சைக் களிம்பு தெரிந்தால் வெட்டி எறிந்துவிட்டு, புதியதை சாலிடர் செய்து சிலிகான் கிரீஸ் தடவுங்கள்.

இனி ரேடியோ இரைச்சல். பேட்டரி ரேடியோ ஒன்றை 101-இல் வைத்துக்கொண்டு லைட்டை நெருங்குங்கள். டேட்டா வயரைக் கழற்றிய பிறகும் இரைந்தால் குற்றவாளி பவர் சப்ளை, அதாவது எஸ்எம்பிஎஸ். நின்றுவிட்டால் டேட்டா வயர். மேலே சொன்ன முறுக்கலும் ஃபெரைட்டும் அதற்கும் உதவும். விலை குறைந்த எஸ்எம்பிஎஸ்களில் வடிகட்டிப் பாகங்கள் இருக்க வேண்டிய இடம் பலகையில் வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்கலாம். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையுள்ள நல்லதாக மாற்றுங்கள். எர்த்தைக் கட்டாயம் இணையுங்கள்: வடிகட்டி மின் இரைச்சலை இறக்கிவிடுவது அந்த வழியாகத்தான், உலோகப் பெட்டியில் ஷாக் அடிக்காமல் காப்பதும் அதுதான். நம் வீடுகளில் மூன்று பின் பிளக்கின் எர்த் காலை வெட்டிவிட்டுச் சொருகும் பழக்கம் இருக்கிறது. டிசம்பர் மழையில், வெளியே போட்ட லைட்டில், அது விளையாட்டல்ல.

பாட்டுக்கு? இப்போதைய போன்கள் பலவற்றில் எஃப்எம் ரேடியோவே கிடையாது. இருந்தாலும் பெரும்பாலும் இயர்போன் மாட்டாமல் எடுக்காது. கேட்டருகே சின்ன ஸ்பீக்கரை வயரில் இணைப்பதுதான் நல்லது. ப்ளூடூத் வேண்டாம், ஒலி பிந்தி வருவதால் லைட்டும் தாளமும் ஒட்டாது. இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. அதற்குள் முடியும்படி நேரத்தை கண்ட்ரோலரிலேயே அமைத்துவிடுங்கள்.