சர்க்கரை ஆய்வுக்கு ரத்தம் எதற்கு?

கேள்வி: என் மகள் 8-ஆம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்குச் சர்க்கரையை வைத்து ஏதாவது செய்ய ஆசைப்படுகிறாள். தோழிகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு, வீட்டிலுள்ள குளுக்கோமீட்டரில் அவர்களுடைய ரத்தச் சர்க்கரையைப் பார்க்கப் போகிறாளாம். செய்யலாமா டாக்டர்? இல்லையென்றால் வேறு என்ன செய்யலாம்?

பதில்: குளுக்கோமீட்டர் வேண்டாம் அம்மா. விரலில் குத்தும் கருவியைப் பலருக்குப் பயன்படுத்தினால், ஊசியை மாற்றினாலும்கூட ஹெபடைடிஸ் பி தொற்ற வாய்ப்பு உண்டு. அதோடு, ஒரு தோழிக்கு அளவு சற்றுக் கூடுதலாக வந்துவிட்டால் அவள் வீட்டில் எவ்வளவு பயப்படுவார்கள்! அதற்கு விளக்கம் சொல்லும் பொறுப்பை ஒரு பள்ளிப் பெண்ணின் தலையில் வைக்கக் கூடாது.

ஆனால் சர்க்கரையை அவள் விட வேண்டியதில்லை. எவ்வளவு இனிப்பு யாருக்குப் பிடிக்கிறது என்று பார்க்கட்டும். பெரியவர்களைவிடக் குழந்தைகள் கூடுதல் இனிப்பை விரும்புவார்கள். பதின்பருவத்தின் நடுவில்தான் அது குறையத் தொடங்குகிறது. வளரும் உடலின் சக்தித் தேவையோடு ஆய்வாளர்கள் இதைத் தொடர்புபடுத்துகிறார்கள். வகுப்புத் தோழிகள் ஒரு பக்கம், ஆசிரியர்களும் பெற்றோர்களும் மறுபக்கம் என்று ஒப்பிட்டாலே நல்ல ஆய்வு.

3, 6, 12, 24 கிராம் சர்க்கரையைத் தனித்தனியே எடுத்து, ஒவ்வொன்றிலும் மொத்தம் 100 மில்லி வரும்வரை தண்ணீர் சேர்த்துக் கரைக்கச் சொல்லுங்கள். ஒருவருக்கு ஒவ்வொன்றிலும் 10 மில்லி போதும். நான்கையும் விழுங்கினாலும் மொத்தம் 4.5 கிராம்தான், ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். 2 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்குச் சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க இதயச் சங்கத்தின் 2016 பரிந்துரை. அதனால் இது கவலைப்படும் அளவு இல்லை. பல குளிர்பானங்களின் இனிப்பு மூன்றாவது கரைசலுக்கு அருகில் வரும். அதைக் கண்காட்சியில் எழுதி வைத்தால் பார்க்க வருபவர்கள் கட்டாயம் நின்று படிப்பார்கள்.

கப்புகளின் மேல் வெறும் எண்கள் மட்டும் இருக்கட்டும். எது எந்தக் கரைசல் என்பது கப்பை நீட்டுகிறவருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். வரிசையை ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும், இடையில் வாய் கொப்பளிக்க வேண்டும். எல்லாக் கரைசலும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும், ஏனென்றால் குளிர்ந்தால் இனிப்பு குறைவாகத் தெரியும். இதையே தனி ஆய்வாகவும் செய்யலாம்.

கேட்கும் கேள்வி இரண்டாக இருக்கட்டும்: எவ்வளவு இனிக்கிறது, எவ்வளவு பிடிக்கிறது. பலரும் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் சிலர் மூன்று மாதம் சர்க்கரையை நன்றாகக் குறைத்துக்கொண்டார்கள். அதே உணவு அவர்களுக்கு முன்பைவிட அதிகமாக இனித்தது, ஆனால் அவர்களுக்குப் பிடித்த இனிப்பின் அளவு மாறவில்லை. சர்க்கரையைக் குறைக்கச் சொல்லி நான் அனுப்பும் நோயாளிகள் ஏன் திணறுகிறார்கள் என்பது இதைப் படித்தபோது எனக்கு நன்றாகப் புரிந்தது.

நாக்கின் நுனியில் மட்டும் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று காட்டும் பழைய வரைபடத்தை அவள் வரைய வேண்டாம். 1901-இல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வைப் பின்னால் வந்தவர்கள் தவறாகப் புரிந்துகொண்டதால் பரவியது அது. நாக்கில் சுவை மொட்டுகள் உள்ள எல்லா இடத்திலும் இனிப்பு தெரியும்.

சரி, அப்புறம் பாதுகாப்பு. ஒருவர் வாய் வைத்த கப்பை இன்னொருவர் தொடக் கூடாது. ஒவ்வொரு மாணவியின் பெற்றோரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நீரிழிவு உள்ள பிள்ளை இருந்தால் சேரலாமா வேண்டாமா என்பதை அவளுடைய பெற்றோரும் மருத்துவரும் முடிவு செய்யட்டும். சுவைக்காவிட்டாலும் கப்புகளுக்கு எண் போடும் வேலையை அவளிடம் தரலாம். செயற்கை இனிப்பையும் சேர்க்க நினைத்தால், ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கு அஸ்பார்டேம் ஆகாது என்பதை அனுமதிக் கடிதத்திலேயே குறிப்பிட்டுக் கேளுங்கள்.