எந்த மதர்போர்டு? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ரைசன் 5 5600 பிராசசர் வாங்கிவிட்டேன். கடையில் பி450, பி550 என்று இரண்டு மதர்போர்டுகளைக் காட்டுகிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: இரண்டிலுமே ஏஎம்4 சாக்கெட் (பிராசசரைப் பொருத்தும் இடம்) இருப்பதால் பிராசசர் பொருந்திவிடும், ஆனால் 2018-இல் வெளிவந்த பி450, பழைய பயாஸுடன் (கணினியைத் தொடக்கிவைக்கும் போர்டின் அடிப்படை மென்பொருள்) அலமாரியில் கிடந்த சரக்காக இருந்தால், அது இந்தப் பிராசசரை அடையாளம் காணாது; விசிறி சுழன்றாலும் திரை இருண்டே கிடக்கும். கிராபிக்ஸ் கார்டுக்கும் முதல் எம்.2 எஸ்எஸ்டிக்கும் (போர்டிலேயே நேராகச் செருகும் சேமிப்பகம்) பிசிஐஇ 4.0 என்ற இணைப்பு முறையின் வேகத்தைத் தரும் பி550-ஐயே பரிந்துரைக்கிறேன். பிராசசர் இல்லாமலே பென்டிரைவ் மூலம் பயாஸைப் புதுப்பிக்க உதவும் பட்டன் பின்புறம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: இந்தப் பிராசசருக்குள் கிராபிக்ஸ் வசதி கிடையாது என்பதால், தனிக் கார்டு இல்லாமல் போர்டின் எச்டிஎம்ஐ துளையில் கேபிளைச் செருகுவது வீண்.