ஊராட்சி தன் சொத்துகளை ஒழுங்காகப் பராமரிக்க என்ன வழி?

தண்ணீர்த் தொட்டி, மோட்டார், தெருவிளக்கு, சாக்கடை என எல்லாமே போட்ட சில வருடங்களில் பழுதாகிவிடுகின்றன, ஊராட்சி இவற்றை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சி ஒன்றில் ஐந்து வருடம் வார்டு உறுப்பினராக இருந்தவன் நான். முதலில் ஊரில் என்னென்ன இருக்கிறது, எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஒரு கோடையில் எங்கள் மேற்குத் தெருவுக்கு நான்கு நாள் தண்ணீர் வரவில்லை. மோட்டார் ஓடுகிறது, தொட்டி நிறைந்து வழிகிறது, தெருக்குழாயில் மட்டும் சொட்டு இல்லை. அந்தத் தெருவுக்குப் பிரியும் குழாயைத் திறந்து மூடுகிற கேட் வால்வு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் பழைய டேங்க் ஆபரேட்டர். அவர் வேலையை விட்டுவிட்டு மகள் ஊருக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. போன் போட்டோம். “பால் சொசைட்டி வாசல்ல நின்னு கிழக்கே எட்டு அடி வைங்க தம்பி” என்றார். வைத்துப் பார்த்தால் காலடியில் பேவர் பிளாக்! தெருவுக்குக் கல் பதித்தவர்கள் வால்வுக் குழியையும் சேர்த்து மூடியிருக்கிறார்கள். கடப்பாரையால் பெயர்த்துப் பார்த்தபோது வால்வு மூடியபடி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அதன் விலை சில ஆயிரம்தான். அதற்காக நாலு நாள் பெண்கள் குடத்தோடு அடுத்த தெருவுக்கு அலைந்தார்கள். எனக்கு இன்றும் ஆறவில்லை.

அந்த வாரமே ஊராட்சி செயலர், புது ஆபரேட்டர், நான் மூவரும் ஒரு நோட்டோடு ஊரைச் சுற்றினோம். ஒவ்வொரு விளக்குக் கம்பத்துக்கும் பெயின்ட்டில் எண் போட்டோம். ஒவ்வொரு வால்வுக்கும் நகராத இரண்டு அடையாளங்களிலிருந்து (கோயில் மதில் மூலை, பள்ளி கேட் தூண் மாதிரி) எத்தனை அடி என்று அளந்து, சார்ட்டில் வரைந்து மோட்டார் அறைச் சுவரில் ஒட்டினோம். அலுவலகத்தில் சொத்துப் பதிவேடு இல்லாமல் இல்லை. அதில் வேலையின் பெயர், வருடம், தொகை இருக்கும். தணிக்கைக்கு அது போதும், ராத்திரி எட்டு மணிக்குக் குழாய் உடைந்தால் போதாது.

எழுதும்போதுதான் இன்னொன்று தெரிந்தது. ஒரே நீர்மூழ்கி மோட்டாருக்கு இரண்டு வருடத்தில் நான்கு முறை காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) மாற்றிக் கட்டியிருந்தோம். ரசீதுகள் தனித்தனியாகக் கிடந்ததால் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டினால் புது மோட்டார் விலையை நெருங்கிவிட்டது. அடுத்த கூட்டத்திலேயே புதிது வாங்கத் தீர்மானம் போட்டோம்.

பணம் இல்லை என்ற பதில் எப்போதும் வரும். ஓரளவு உண்மைதான். ஆனால் மத்திய அரசின் 15ஆவது நிதிக் குழு 2021-26 காலத்துக்கு ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும் என்றே ஒதுக்கப்பட்டது. பராமரிப்பும் அதில் அடங்கும். கல்வெட்டு வைக்கிற புது வேலைக்குத்தான் எல்லோருக்கும் ஆர்வம், பழைய வால்வுக்குக் கல்வெட்டு கிடையாதே.

அதனால் இதை ஊர்தான் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. தண்ணீர் தினமான மார்ச் 22 கூட்டம் கோடைக்குச் சற்று முன்னால் வருவதால் நல்ல நேரம். பயனாளிப் பட்டியல் மாதிரியே பழுதுப் பட்டியலையும் வாசிக்கச் சொல்லுங்கள்: எந்த மோட்டார், எத்தனை முறை பழுது, எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை.

அப்புறம், உங்கள் தெருவில் சிமென்ட் சாலையோ பேவர் பிளாக்கோ போட வந்தால், ஜல்லி கொட்டுவதற்கு முன்பே ஆபரேட்டரை அழைத்து வந்து வால்வுக் குழிகளைச் சுண்ணாம்பால் வட்டமிடச் சொல்லுங்கள். குழியைச் சாலை மட்டத்துக்கு உயர்த்தி மூடி போட்ட பிறகுதான் வேலை முடிந்ததாக ஏற்க வேண்டும்.